அப்பாவுக்காகத் தேடிய திமிங்கிலப் படகு

ரொறன்ரோவை ஒட்டிய மார்க்கம் நகரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண், விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று கேட்டாள். திமிங்கிலம் பார்க்க என்றேன். அது பொய்யில்லை. கூடவே அப்பாவின் அஸ்தியையும் கொண்டுபோகிறோம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். அவள் மிகவும் சந்தோஷப்பட்டு, நிறையப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

அப்பா குளிர்காலத்தில் இறந்தார். எரித்த சாம்பலை ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். ஊரென்றால் கீரிமலைக் கடலில் கரைத்துக் காரியத்தை முடித்திருப்போம். ரொறன்ரோவில் பலர் ஏரியில் கரைக்கிறார்கள். அதுவே போதும் என்று ஐயரும் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“உது குளம். உதில உப்பில்லை,” என்றார்.

மறுகரை தெரியாத அந்த ஏரியைக் குளம் என்று சொல்ல அம்மாவால்தான் முடியும். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் பெட்டி மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டின் கார் விடும் கராஜில், கழற்றி வைத்த டயர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. வெங்காயம் எடுக்கப் போகிறேன் என்று அம்மா அடிக்கடி அங்கே போவார். வெங்காயம் இல்லாமலே திரும்பி வருவார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கடல் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லி அண்ணாவை நச்சரிக்கத் தொடங்கினேன்.

அண்ணாவுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் வேலை. தண்ணீர் கொதிக்க வைக்கும் ஒரு கேத்தில் வாங்குவதென்றாலும் உலகத்துக் கேத்தில்களையெல்லாம் ஆராய்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அம்மா விமானம் வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே காரில் போகக்கூடிய கடல் வேண்டும். கரையில் நின்று கரைத்தால் அலை திருப்பிக்கொண்டு வந்து காலடியில் போட்டுவிடும், நடுவில்தான் விடவேண்டும் என்றும் அம்மா சொல்லியிருந்தார். படகு ஓட்டத் தெரியாத எங்களுக்கு யார் படகு தருவார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். கியூபெக் நகரைத் தாண்டி ஆறு கடலாக விரிகிற இடத்தில் திமிங்கிலம் பார்க்கப் படகு விடுகிறார்களாம். திமிங்கிலம் வருகிற இடத்தில் உப்பு இல்லாமல் இருக்குமா என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். எங்கள் குடும்பம் திமிங்கிலத்தைத் தேடிப் போனது இப்படித்தான்.

ஒரு பகல் முழுவதும் கார் ஓடினோம். அம்மா கோயிலுக்குப் போவதுபோலப் புளிச்சாதம் கட்டியிருந்தார். அஸ்தியை வெள்ளைத் துணியில் முடிந்து அண்ணாவின் முதுகுப்பைக்குள் வைத்திருந்தோம். இப்படிக் கரைக்க அனுமதி உண்டா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுவிடுவார்களோ என்று அண்ணாவுக்குப் பயம்.

மறுநாள் காலை படகுத்துறையில் அம்மா முதலில் என்னைத்தான் தண்ணீருக்கு அனுப்பினார். பாறையில் குந்தியிருந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். நல்ல குளிர். கீரிமலையளவுக்கு இல்லை, ஆனால் கரித்தது. நான் தலையாட்டியதும் அம்மாவின் முகம் தெளிந்தது. அவர் அந்த முகத்தோடு இருந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். அங்கே இரண்டு வகைப் படகுகள் இருந்தன. ஒன்று ரப்பர் படகு. கையை நீட்டினால் தண்ணீர். ஆனால் அதில் முழங்கால் சரியில்லாதவர்களை ஏற்றமாட்டார்கள். மற்றது பெரிய கப்பல். அம்மா தாராளமாக ஏறலாம், ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் சுற்றிவர நிற்பார்கள். தண்ணீர் எங்கே எட்டும், எந்தப் பக்கம் ஆட்கள் குறைவு என்று அண்ணா துருவித் துருவிக் கேட்டார். டிக்கெட் விற்ற பெண் எங்களைத் திமிங்கிலப் பைத்தியங்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கைகளை விரித்து, ரப்பர் படகில்தான் அதன் மூச்சே முகத்தில் படும் என்றாள்.

அண்ணா முடிவெடுத்துவிட்டார். தான் மட்டும் ரப்பர் படகில் போய்க் காரியத்தை ஒழுங்காக முடிப்பாராம். அம்மாவும் நானும் கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாமாம். எப்படியும் இதற்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லைத்தானே என்றும் சொன்னார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறக்குமுன் அம்மா பேசினார்.

“அண்டைக்கும் என்னை வீட்டில விட்டிட்டுத்தான் கொண்டுபோனியள். இண்டைக்கு நானும் வாறன்.”

அப்பாவின் இறுதிச் சடங்கு முடிந்த அன்று, தாங்கமாட்டார் என்று சொல்லி மாமிமார் அம்மாவைக் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எரியூட்டும் இடத்துக்கு அவர் வரவில்லை. அதை அவர் அதுவரை குறையாகச் சொன்னதே இல்லை. அண்ணா அம்மாவைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு போய்ப் பெரிய கப்பலுக்கு மூன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்.

கப்பலில் கீழ்த்தட்டின் பின்பக்கம், இடப்பக்கக் கம்பியோரம் இடம் பிடித்தோம். எங்களைச் சுற்றிச் சனம். ஒரு முதியவர் தன் தொலைநோக்கியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா மரியாதைக்கு வாங்கிக் கண்ணில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. யாரும் இடத்தைவிட்டு அசைவதாக இல்லை. அப்பாவைத் திரும்பவும் டயர்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டிவருமோ என்று நினைத்தேன்.

அப்போது ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் ஏதோ கத்தினார்கள். வலப்பக்கம் திமிங்கிலம் என்று ஆங்கிலத்திலும் வந்தது. அவ்வளவுதான். எல்லோரும் கைபேசியை உயர்த்திக்கொண்டு வலப்பக்கம் ஓடினார்கள். இடப்பக்கம் எங்கள் மூவரைத் தவிர ஒருவரும் இல்லை.

அண்ணா முடிச்சை அவிழ்த்தார். அம்மா அவர் கைக்குக் கீழே தன் கையையும் கொடுத்தார். கம்பிக்கு வெளியே சாய்த்தபோது சாம்பல் காற்றில் கொஞ்சம் பறந்தது. மிச்சம் நேராகத் தண்ணீருக்குள் போயிற்று. அண்ணாவின் சட்டைக் கையிலும் கொஞ்சம் படிந்தது. அவர் தட்டிவிடவில்லை. நான் அழுதேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் கைதட்டி ஆரவாரித்தார்கள். திமிங்கிலம் வால் தூக்கியிருக்க வேண்டும்.

கரைத்து முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்று ஐயர் தொலைபேசியில் சொல்லியிருந்தாராம். பார்த்தால் போனவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவார் என்பார்கள். அண்ணா வெறுந்துணியை மடித்துக்கொண்டு நடந்தார். நானும் நடந்தேன். அம்மா எங்களோடு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கப்பல் விட்டுவந்த தண்ணீரையே பார்த்தபடி நின்றார்.

“அம்மா, திரும்பிப் பாக்கக் கூடாது. வாங்கோ,” என்றார் அண்ணா.

அம்மா கண்ணை எடுக்கவில்லை.

“வந்தால் வரட்டும், தம்பி.”