தன்னை அரிதல்

சிதம்பரத்தில் புவனகிரி பஸ்ஸுக்கு நிற்கிறேன். எதிரே கல்யாண மண்டப வாசலில் ஆளுயர பேனர்: ‘தன்னை அரிதல் – மூன்று நாள் முகாம்.’ ஆத்ம ஞானம் தருகிறவர்களுக்கு ஒரு றகரம் தெரியவில்லையே என்று பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டே தீர்வது என்று தெருவைக் கடக்கிறேன்.

மண்டபத்தின் பக்கவாட்டில் ஓர் அம்மா முகாம் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் அரிந்துகொண்டிருக்கிறார்.

“தப்பா போட்டிருக்காங்கம்மா. அறிதல்னா தெரிஞ்சிக்கிறது. இது நறுக்குறது,” என்கிறேன்.

“நானும் தெரிஞ்சிக்கலாம்னு, உள்ள ஒக்காந்து கேக்கட்டுமான்னேன் சார். ஒனக்கு எதுக்கு இதெல்லாம், காயப் பாருன்னுட்டாங்க.”

உள்ளே மைக்கில் ஒருவர், எல்லா உயிரும் ஒன்று என்கிறார். என் கோபம் எழுத்தை விட்டு மைக்குக்குத் தாவுகிறது.

அந்த அம்மா துணி சுற்றிய விரலைத் தூக்கிக் காட்டுகிறார். “போர்டு சரிதான் சார். என்னயே அரிஞ்சிக்கினேன்.”