பெரிய துவக்கு

ஆக்லாந்துக்கு வெளியே, துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலில்தான் அவரைப் பார்த்தேன். விரி என்ற புறநகரில் லாரி ஓட்டும் இலங்கை மன்னார்க்காரர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு தோட்டாவையும் (அவர் பேச்சில் 'சன்னம்') சட்டை நுனியில் துடைத்த பிறகே போடுவார்.

அன்று தோளை இடித்துத் தள்ளும் புதுத் துப்பாக்கி ஒன்றோடு வந்திருந்தார்.

"போன வருஷம் பெரிய வாப்பிட்டி மான் ஒண்டு, சன்னம் பட்டும் காயத்தோட ஓடிட்டுது. அதான் இந்தமுறை பெரிய துவக்கு, பாரமான சன்னம்."

ஆனால் சுட்டதெல்லாம் குறிக்குக் கீழேயே போனது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

"அண்ணே, நான் போட்டுத் தர்றேன்" என்று வாங்கி, தோட்டா போடாமலே நீட்டினேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்தார். 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். தோளில் இடிக்கும் என்ற பயத்தில், வெடிக்காத துப்பாக்கியின் முனையை அவரே வெடுக்கென்று கீழே இறக்கிவிட்டார். அவர் கண்கள் இறுக மூடியிருந்தன.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

"அப்ப பழைய துவக்கிலயும் இப்பிடித்தான் சுட்டிருப்பன், என்ன?"



மேசையிலிருந்த தோட்டா ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த மான் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும், தம்பி?"