நர்சம்மாவின் கண்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் போளூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். ஒரு நாள் காலை, ஜவ்வாது மலையிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கி ஒரு நர்சம்மா கடைக்கு வந்தார். அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்றார். கண்கள் வீங்கி, அடியில் மை தடவியதுபோல் கறுத்திருந்தன.

கைக்குட்டையைப் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கண்களில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரவு கண்விழித்த நாளெல்லாம் செய்வதுதானாம். கால் மணி நேரத்தில் வீக்கம் பாதி வடிந்தது.

"கருப்ப மட்டும் நெகட்டிவ்ல பென்சில் போட்டு நான் எடுத்துட்றேம்மா" என்றேன்.

"வாணாங்க. கண்ணு நல்லா தொறந்தா போதும்."

"இன்னாம்மா, கவர்மெண்ட் கார்டாச்சே?"

"ரெண்டு நாளா ஒரு வூட்ல பிரசவம் பாத்துட்டு வர்றேங்க. ரெட்டக் கொழந்த. ஒண்ணுக்குக் கழுத்துல கொடி சுத்தினு இருந்துச்சி. தாயும் பொழச்சா, ரெண்டும் பொழச்சிது. இந்தக் கருப்பு இருக்கட்டும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார்.

நான் பென்சில் தொடாமல் விட்ட முகம் அது ஒன்றுதான். அவரைக் கேட்டு, படத்தைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டினேன். மலையிலிருந்து புளி விற்க வருகிறவர்கள் அதன் முன் நின்று, "எங்க நர்சம்மா" என்று எனக்கே அறிமுகம் செய்துவைப்பார்கள்.