நன்றியுரை வரைக்கும்

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் வர ஐந்து நிமிடம் தாமதமானால் நிற்கிற இடத்திலேயே நாலு தடவை நடந்துவிடுவேன். அப்படிப்பட்டவளை எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கம் ஒரு வருஷத்துக்கு மேல் காக்க வைத்தது.

தென்காசியில் பேருந்து நிலையத்தை ஒட்டி டிபன் கடை வைத்திருக்கிறேன். வீடு காலனியில். உள்ளூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நாங்கள் தலித்துகள். எங்கள் தெருவிலிருந்து கடைவீதிக்கு வந்தவர்கள் ஏராளம். மூட்டை தூக்க வந்தார்கள், வாசல் கூட்ட வந்தார்கள். கல்லாவில் உட்கார வந்தது நான்தான் முதல் ஆள்.

சங்கத்தை நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன், பாதிதான் சொல்வேன். எங்கள் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு தொழிலுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று அவர்களாகவேதான் தீர்மானம் போட்டார்கள். உணவு உரிமத்துக்கு என்னோடு அலைந்தது சங்கச் செயலாளர்தான். ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவர், என்னைவிடச் சின்னவர், வாய்க்கு வாய் 'யக்கா' என்பார். வங்கியில் கடனுக்கு என்னை நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தபோது, இவர் போய் மேலாளர் எதிரே உட்கார்ந்தவர்தான், காரியம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. கடை திறந்த அன்று தலைவரே வந்து பொன்னாடை போர்த்தினார், படம் எடுத்துக்கொண்டார். இட்லியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. ஒருவருக்கு விரதம், ஒருவருக்குச் சர்க்கரை, தலைவர் இப்போதுதான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாராம்.

சரி, முறை வரட்டும் என்று இருந்தேன். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கூட்டத்துக்குச் சிற்றுண்டி, உறுப்பினர்களின் ஹோட்டல்களிலிருந்து முறை வைத்து வரும். கூட்ட முடிவில் செயலாளர் நன்றியுரையில் அந்த ஹோட்டலின் பெயரைச் சொல்வார். எல்லோரும் கைதட்டுவார்கள். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்தக் கைதட்டல் லேசுப்பட்டதல்ல. மறுநாளே ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் தங்கள் ஆட்களுக்கு அங்கே டிபன் சொல்ல ஆரம்பிப்பார்கள். பஸ் பிடிக்கிற அவசரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களை மட்டும் நம்பி எத்தனை நாள் கடை நடத்துவது? ஊர்க்காரர்கள் வந்தால்தான் அது கடை. அதற்கு என் கடைப் பெயர் அந்தக் கூட்டத்தில் ஒருமுறை ஒலித்தாக வேண்டும்.

என் முறை முதலில் வந்தபோது, இந்த மாதம் டீயும் பிஸ்கட்டும் போதும் என்றார்கள். அடுத்து வந்தபோது, யாரோ வீட்டு விசேஷச் சாப்பாடு கூட்டத்துக்கே வருகிறது என்றார்கள். இரண்டு தடவையும் நான் மாவு அரைத்து வைத்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். மாவைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குள் சும்மா அங்கும் இங்கும் நடந்தேன், துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

மூன்றாவது தடவை, சாரல் சமயம். கூட்டம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மாடியில். செயலாளர் கடைக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"யக்கா, இந்த மாசம் ஒங்க டிபன்தான். ஆனா சாப்பிடும்போது யாருக்கும் சொல்ல வேண்டாம். ஒங்களுக்கு அடுத்த முறை நம்ம பெரிய ஹோட்டல்காரருக்குல்லா. போன ரெண்டு தடவ மாதிரி ஒங்க முறை தள்ளிப்போயி, அவரு கடையில இருந்து வந்திருக்குன்னே எல்லாரும் நெனச்சுக்கிடட்டும். தின்னு முடிச்சப்புறம் நன்றியுரையில நானே ஒங்க கடைப் பேரச் சொல்லிருதேன். அப்ப என்ன செய்ய முடியும்? வயித்துக்குள்ள போயிரும்லா?"

அவருக்கு அது பெரிய ராஜதந்திரம். நான் என்ன திருட்டுச் சாமானா கொடுக்கிறேன்? ஆனாலும் தலையை ஆட்டினேன். இந்த முறையும் போனால் அடுத்தது எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். பந்தி தொடங்கியதும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். யார் தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்றே கண் போனது. மிச்சம் எதுவும் இல்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

அரிசிக்கடை அண்ணாச்சி, சங்கத்திலேயே மூத்தவர், சாம்பாரை வழித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "சாம்பார்னா இது சாம்பாரு. நம்ம பெரிய ஹோட்டல் கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்? கண்ணக் கட்டிட்டு ஊத்தினாலும் சொல்லிருவேன். எத்தன வருசமா திங்கேன்!"

பெரிய ஹோட்டல்காரர் பக்கத்திலேயே இருந்தார். தான் ஒரு கரண்டி சட்னிகூட அனுப்பவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? இல்லை என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சிக்கு இன்னும் ரெண்டு இட்லி வைங்கடே" என்றார். என் இட்லியை எடுத்து அவர் உபசாரம் செய்கிறார்! பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நன்றியுரை வரைக்கும்தானே.

நன்றியுரையும் வந்தது. தலைவருக்கு நன்றி, இடம் தந்த லாட்ஜ்காரருக்கு நன்றி, மைக் செட்டுக்கு நன்றி. "சிறப்பான சிற்றுண்டி வழங்கிய..." என்று நிறுத்தி, செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். "...நமது உறுப்பினருக்கும் நன்றி" என்று முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டல் எழுந்தது. எல்லா முகமும் பெரிய ஹோட்டல்காரர் பக்கம் திரும்பியது. அவர் பாதி எழுந்து கும்பிடு போட்டார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "டிபன் எங்க கடையில இருந்து வந்தது" என்றேன். கடைப் பெயரைச் சொன்னேன். காது கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவையும் சொன்னேன்.

கைதட்டல் நின்றது. செயலாளர் தரையைப் பார்த்தார், தலைவர் செல்போனை எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். வாஷ்பேசினில் வாய் கொப்பளிக்கிற சத்தம் வந்தது, வெகுநேரம் வந்தது.

அரிசிக்கடை அண்ணாச்சி மட்டும் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, ஏமாந்துபோனவர் முகமாக இருந்தது.

"ஏம்மா, இத முதல்லயே சொல்லப்பிடாதா?"

"சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பியளா அண்ணாச்சி?"

பொய் பேசாத மனுஷன் என்று கடைவீதி முழுக்க அவருக்குப் பெயர். அன்றும் பேசவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, காலித் தட்டையே பார்த்தபடி இருந்தார்.