கறுப்புத் திரையில் நடந்த யோகா வகுப்பு

அந்த ஸ்டிக்கரின் பிசுபிசுப்பு ஞாபகம் இருக்கிறதா? ஒரகடம் தொழிற்சாலைகளில் அசெம்பிளி லைனில் நின்றவர்களுக்குக் கட்டாயம் இருக்கும்...

ஷிப்டுக்குள் நுழையும்போது கேட்டில் செக்யூரிட்டி அக்கா போனை வாங்கி, கேமரா மேல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே யாரும் படம் எடுத்துவிடக் கூடாது. வேலை முடிந்ததும் பிய்த்து கம்பெனி பஸ் ஜன்னலில் ஒட்டிவிடுவோம். மஞ்சள், பச்சை, சிவப்பு... கண்ணாடி முழுக்க அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

அப்போது ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில் செல்வராணி. சாயல்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். எட்டு மணி நேரம் நின்று நின்று அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒன்றுமில்லை, தசைதான், உடற்பயிற்சி செய் என்றார் டாக்டர். பள்ளியில் பி.டி. டீச்சரிடம் கற்றதையும் லைப்ரரி புத்தகத்தில் படித்ததையும் வைத்து, ஹாஸ்டல் வராந்தாவில் போர்வையை விரித்து அவளுக்கு யோகா சொல்லிக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்தது. ஆனால் அதற்குள் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "ரெண்டு மாசம் டைம். நின்னு வேலை பாக்க முடிஞ்சா வா. இல்லைன்னா வேற ஆள் போட்டுக்குவோம்."

பை தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும்போது செல்வராணி ஒன்றுதான் சொன்னாள். "அங்கிட்டு வந்து யாருடி எனக்கு இதெல்லாம் சொல்லித் தருவா?"

அப்படித்தான் வீடியோ காலில் வகுப்பு ஆரம்பித்தது. செல்வராணி, வேலையை விட்டு ஊர் திரும்பிய இன்னும் இரண்டு பெண்கள், பிறகு மணிமங்கலத்திலிருந்து எங்கள் லைனுக்கு வரும் தேவகி அக்கா. அக்காவுக்கு முட்டி வலி.

பெரிய தோல்வி!

செல்வராணி ஊரில் கண்மாய்க் கரைப் பனைமரத்தடியில்தான் சிக்னல். அங்கேயும் படம் பாதியில் உறைந்துவிடும். "ஏண்டி, உன் ஒத்தக் காலு மட்டும் பத்து நிமிசமா அந்தரத்துல நிக்குது. நான் என்னத்தச் செய்ய?" என்பாள். குரல் உடைந்து உடைந்து வரும். இரண்டு வாரத்தில் அவள் வருவதே குறைந்துவிட்டது. ஆறு வாரம்தான் மிச்சம்... எனக்கு லைனில் நிற்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

ஒருநாள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன். அவசரமாக அறைக்கு ஓடி, கவிழ்த்த பக்கெட் மேல் போனைச் சாய்த்து வகுப்பைத் தொடங்கினேன். என் முகத்தை நானே திரையில் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதனால் வைத்த பிறகு போன் பக்கம் திரும்பவே மாட்டேன்.

"இன்னாம்மா, கைய எங்க வெக்கணும்? சொல்லு" என்றார் தேவகி அக்கா. நெட் சரியில்லை போல என்று நினைத்து எல்லாவற்றையும் வாயாலேயே சொன்னேன். "மேல் தட்டுல இருக்கிற ஊறுகா பாட்டிலை எட்டி எடுக்கிற மாதிரி கைய நீட்டுங்க... இப்போ லைன்ல பின்னாடி இருக்கிற டப்பாவுலேருந்து பார்ட் எடுக்கிற மாதிரி இடுப்பைத் திருப்புங்க. மெதுவா... சூப்பர்வைசர் யாரும் நிக்கல."

சிரிப்புச் சத்தம் கேட்டது. நாலு பேருடைய சிரிப்பும் முழுசாக, உடையாமல் கேட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முக்கால் மணி நேரம் கழித்து போனை எடுக்கப் போனால், கேமரா மேல் மஞ்சள் ஸ்டிக்கர். பிய்க்க மறந்திருக்கிறேன். அத்தனை நேரமும் அவர்கள் பார்த்தது வெறும் கறுப்புத் திரை!

"ஏன் யாருமே சொல்லல?" என்றேன்.

"நீதான் கூச்சப்பட்டுகினு மூடிக்கினேன்னு நெனச்சோம்" என்றார் தேவகி அக்கா. "பொண்ணு மனசு கஷ்டப்படும்னு கேக்கல."

செல்வராணி மட்டும் வேறு ஒன்று சொன்னாள். "அடியே, இன்னைக்குத்தான் வகுப்பு முழுசா வந்துச்சு. நாளைக்கும் அதைப் பிய்க்காத."

அதன் பிறகு யாருமே கேமரா போடவில்லை. படம் இல்லாததால் பனைமரத்தடி சிக்னலே போதுமானதாக இருந்தது. மாமியார் பார்ப்பாரோ, நைட்டியில் இருக்கிறோமே என்று ஒதுங்கி நின்ற பெண்களும் தயங்காமல் வந்தார்கள். சேலை மடிப்பது, குடம் இறக்குவது, மாவு பிசைவது... ஒவ்வொரு ஆசனத்துக்கும் ஒரு வீட்டு வேலையை நான் தேடினேன். பாதியை அவர்களே சொல்லித் தந்தார்கள்.

இரண்டு மாதக் கெடு முடியும்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினாள் செல்வராணி. மறுநாள் முழு ஷிப்டும் நின்றாள். நான் வேறு லைன், பார்க்க முடியவில்லை. வேலை முடிந்து கம்பெனி பஸ் வாசலில் பதற்றத்தோடு காத்திருந்தேன். நேராக வந்தவள் தன் போனிலிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டினாள்.

"வச்சுக்க. உனக்குத்தான் இது உதவும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் ஹாஸ்டல் வரும் வரை அதை எடுக்கவில்லை.

இப்போது எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆபீஸ் வேலை. யாரும் என் போனைத் தொடுவதில்லை. குழுவில் மலைக் கிராமத்துப் பெண்கள் இருக்கிறார்கள், உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணமாகி ஊரோடு போய்விட்ட செல்வராணிதான் செவ்வாய்க்கிழமை வகுப்பு எடுக்கிறாள். அவள் திட்டுவது எனக்கும் சேர்த்துத்தான்.

அன்று வராந்தாவில் பக்கத்தில் படுத்திருப்பவளின் மூச்சுக் காற்று என் தோளில் படும். இன்று வகுப்பு முடிந்து எல்லோரும் கண்மூடிப் படுக்கும்போது, போனில் ஒரு வீட்டு ஆடு கத்துகிறது, இன்னொரு வீட்டில் மழை பெய்கிறது. அந்தத் தோள் சூடு இல்லைதான்... ஆனால் யாரும் பாதியில் உறைந்து போவதில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, ஒரு தடவ உங்க முகத்தக் காட்டுங்களேன்."

நான் பதில் சொல்வதற்குள் செல்வராணி முந்திக்கொண்டாள். "அதெல்லாம் பாத்துக்கலாம். மொதல்ல நீ குனிஞ்ச இடுப்ப நிமுத்து!"

வகுப்புக்கு முன்னால் இப்போதும் கேமராவை மூடிவிடுகிறேன். கம்பெனி ஸ்டிக்கர் கிடைப்பதில்லை. நெற்றியிலிருந்து பொட்டை எடுத்து ஒட்டிக்கொள்கிறேன்.