பாரில் சேர்ந்தவர்

"அத்த, நான் பார்ல சேர்ந்துட்டேன்" என்று என் ஓரகத்தி அக்கா வாசலில் நின்று சொன்னபோது, மாமியார் கையிலிருந்த முறம் சரிந்து உளுந்தெல்லாம் தரையில் கொட்டியது.

"இன்னாமா சொல்ற? நம்ம வூட்டுப் பொம்பள பார்லயா?"

கரிக்கலாம்பாக்கத்தில் அவருக்குத் தெரிந்த பார், பகலிலேயே ஆட்கள் விழுந்து கிடக்கும் அந்தத் தகரக் கொட்டகைதான். அக்கா உட்கார்ந்து உளுந்தை அள்ளிக்கொண்டே விளக்கினார். ஆங்கிலத்தில் குறுக்கே நின்று தடுப்பதெல்லாம் பார்தான். ஜன்னல் கம்பியும் பார்தான். கோர்ட்டில் நீதிபதிக்கு முன்னால் ஒரு மரத் தடுப்பு இருக்கும். அங்கே நின்று பேச உரிமை பெற்ற வக்கீல்களுக்கும் அதே பெயர். "வக்கீலாயிட்டேன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்றார் மாமியார். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு சட்டம் படித்து முடித்தவர் அக்கா. அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

மறு வருஷம் அந்தத் தகரக் கொட்டகைப் பார், பெண்கள் பள்ளிக்கு எதிர்ப்பக்கமாக இடம் மாறி வந்தது. என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. ஒருநாள் பள்ளிக்கூட பஸ் நிறுத்தத்தில் ஒரு குடிகாரன் அவள் பையைப் பிடித்து இழுத்துவிட்டான். "பத்தாவதோட நிறுத்திடலாம்" என்றார் என் கணவர். மகள் அன்று சாப்பிடவில்லை. அக்காதான் சொன்னார்: "நிறுத்த வேண்டியது அவள இல்ல, அந்தக் கடைய."

பள்ளிக்கும் பாருக்கும் இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. நடந்துபோகும் வழியைத்தான் அளப்பார்களாம். அதனால் பார் முதலாளி சாலைப் பக்கம் முழுக்க இரும்புக் கம்பி அடைத்து, வாசலைப் பின் சந்தில் வைத்திருந்தார். சுற்றுவழியை அளந்து அனுமதி வாங்கியாகிவிட்டது. ஆனால் கடை திறந்த பிறகு யாரோ இரண்டு கம்பிகளை அறுத்துவிட்டார்கள். குடிக்க வருபவர்கள் அந்த இடுக்கில் உடம்பை ஒருக்களித்து நுழைவதை அக்கா கவனித்திருந்தார். அந்த வழியாக அளந்தால் தூரம் விதிக்குக் குறைவாகத்தான் வரும்.

அக்கா கொண்டுவந்த அளவு டேப்பின் ஒரு முனையைப் பள்ளிக் கதவில் நான் பிடித்துக்கொண்டேன். "வக்கீலம்மா, உள்ள வாங்க, அளவு நாங்க ஊத்தித் தர்றோம்" என்று உள்ளிருந்து ஒரு குரல், கூடவே சிரிப்பு. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னொரு வாட்டி புடி" என்றார். மூன்று முறை அளந்தார். இடுக்கில் நுழைபவர்களைப் படம் பிடித்தார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், காலம் கடந்துவிட்டதால் அக்கா போட்ட மனுவே செல்லாது என்றார். அந்தத் தடைக்கும் ஆங்கிலத்தில் பார் என்றுதான் பெயராம். "அனுமதி பழசுங்கய்யா, கம்பிய அறுத்தது புதுசு" என்று அக்கா சொன்னது பின் பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. வாய்தாமேல் வாய்தா போனது. ஒரு வாய்தாவைக்கூட அவர் தவறவிடவில்லை. கடைசியில் அதிகாரிகள் வந்து மறுபடியும் அளந்தார்கள். அனுமதி ரத்தானது. அதுவரை என் மகளைத் தினமும் நானே பஸ்ஸில் பள்ளிவரை கொண்டுபோய்க் கூட்டிவந்தேன். அவள் ஒருநாள்கூடப் பள்ளியை விடவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்த முதலாளி எங்கள் வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் அவர் மகள், கையில் மாவுக்கட்டு. "மாப்பிள அடிச்சிட்டான்மா. என்னத் தோக்கடிச்ச வக்கீல்தான் எனக்கு வேணும்" என்றார்.

"இவனுக்கா?" என்று மாமியார் உள்ளேயிருந்து முணுமுணுத்தார். எனக்கும் அதே எண்ணம்தான். அக்கா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணுக்குப் போட்டார். முதலாளியைப் பார்த்து, "நீங்க செத்த நேரம் வெளிய இருங்க" என்றார். பிறகு அவளிடம் குனிந்து, "நீ சொல்லுமா" என்றார்.

அந்தப் பெண்ணின் வழக்கு இன்னும் நடக்கிறது. இன்று காலையும் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அக்கா புதுச்சேரி பஸ்ஸில் ஏறினார். அந்தப் பெண் ஜன்னலோரம் அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.