சொல்லாமல் வைத்திருந்த முடிவு

பல்கலைக்கழக ஆய்வுக்காகப் புளியங்கூடல் ஊரின் கிணறுகளைப் பரிசோதித்தேன். சிலவற்றின் தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆகாது என்று தெரிந்தது.

“ஊருக்குள்ள சொல்லாதையும், பிரச்சினை வரும்” என்றார் என் பேராசிரியர். நானும் ஊரில் வாய் திறக்காமல், கொழும்பில் இளம் விஞ்ஞானிகள் மாநாட்டில் ஆங்கிலத்தில் பேசிப் பரிசு வாங்கினேன்.

இணையத்தில் வந்த அந்தப் பேச்சின் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு கிணற்றுக்காரி தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, என்ர கிணத்தைப் படம் காட்டிக் கதைச்சிருக்கிறீர். நான் இஞ்ச பிள்ளைக்கு அந்தத் தண்ணியிலைதான் பால்மா கரைக்கிறன். எனக்கேன் சொல்லேல்லை?”

“ஆய்வு இன்னும் முடியேல்லை அக்கா” என்று பொய் சொன்னேன். பட்டென்று வைத்துவிட்டார்.

மறுநாளே முடிவுகளைத் தமிழில் எழுதி வீடுவீடாகக் கொடுத்தேன். அந்த அக்கா தாளை வாங்கினார்; என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேராசிரியர்மீது இன்றும் ஆத்திரம்தான். ஆனால் பரிசோதனைக்காக அந்த அக்காவின் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போன அன்றே, அந்தக் குழந்தையின் பால்போத்தலைக் கண்டவன் நான்.